இரண்டும் இடது

கத்தரி பிடித்துப் பழகிய எவரும் செய்யாத தப்பு ஒன்று உண்டு. கோட்டுக்கு முன்பக்கம் இரண்டு துண்டு. ஒன்று இடது, ஒன்று வலது. மெல்லிய துணியென்றால் மடித்துப் போட்டு ஒரே வெட்டில் இரண்டையும் எடுத்துவிடலாம். கனத்த கம்பளியை அப்படி மடித்து வெட்ட முடியாது. விரித்துப் போட்டு, அளவு அட்டையை மேலே வைத்து வரைந்து, ஒரு பக்கத்தை வெட்டி, பிறகு அட்டையைப் புரட்டிப் போட்டு அடுத்த பக்கத்தை வெட்ட வேண்டும். புரட்ட மறந்தால் இரண்டு துண்டும் ஒரே பக்கத்துக்கு வந்து நிற்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லோரும் ஒரு தடவை இப்படி வெட்டுவார்கள், எல்லோரும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார்கள், அதோடு சரி. பிறகு ஆயுசுக்கும் அந்தத் தப்பு வராது.

அந்தத் தப்பைத்தான், தையல் கூடத்தில் ‘சின்ன மாஸ்டர்’ என்று பேர் வாங்கிய அவள், காதோரம் நரை எட்டிப் பார்க்கிற வயதில், பட்டப்பகலில், ஜன்னல் வெளிச்சத்தில் நின்று செய்து வைத்தாள்.

செய்த நேரத்தைப் பாருங்கள். கூடத்தின் பெரிய மாஸ்டருக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது; மாதக் கடைசியோடு போகிறேன் என்று சொல்லிவிட்டார். முதலாளியம்மா அவளைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்து, பெரிய ஓட்டல் ஒன்று தன் வாசல் ஆட்களுக்குக் கம்பளிக் கோட்டு கேட்கிறது, மாதிரிக்கு ஒன்று தைத்துக் காட்ட வேண்டும், அதை நீயே தனியாக வெட்டு என்றாள். கோட்டு பிடித்துப்போனால் வேலை கூடத்துக்கு, மாஸ்டர் மேசை அவளுக்கு. ஓட்டல்காரர்கள் அனுப்பிய துணி இரண்டு கோட்டுக்குத்தான் வரும், பார்த்து வெட்டு என்றும் சொன்னாள். இதைக் கேட்டால் யாருக்கும் வயிற்றில் பால் வார்த்தது போல இருக்கும். அவளுக்குப் பயம்தான் வந்தது.

அவள் திறமையில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆள் தோளைப் பார்த்தே எந்தத் தோள் இறக்கம் என்று சொல்லிவிடுவாள். ஆனால் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத ஜாதகம் என்று கூடத்தில் எல்லோரும் அவளைப் பற்றிச் சொல்வார்கள். எதுவுமே கடைசிப் படியில் வழுக்கிவிடும். ஜாதகமாவது மண்ணாங்கட்டியாவது. வழுக்கியது படி அல்ல, இவளே காலை இடறி வைத்துக்கொண்டாள் என்பது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

அவள் வெட்டிய துண்டுகளை முதலாளியம்மா எடுத்து ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தாள். இம்மி பிசகாமல் பொருந்தின. முதலாளியம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இவளுக்கு இருந்தது. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, ஒரு கோட்டுக்குத் துணி மிச்சம் இருக்கிறது, அதை வெளியிலிருந்து ஆளைக் கூப்பிட்டு வெட்டச் சொல்லலாமா என்று யோசிக்கிறேன் என்றாள். வீணான துண்டுகளை உன் தம்பிக்கு எடுத்துப் போ, காஜா போட்டுப் பழகட்டும் என்றும் சொன்னாள். கம்பளியில் கையால் காஜா போடுவது, அதாவது பட்டன் துளைக்குக் கரை கட்டுவது, லேசுப்பட்ட வேலை இல்லை. நூல் எவ்வளவு இழுபடும் என்று அதே துணியில் போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

தம்பி என்றால் அவளுக்கு அடுத்துப் பிறந்தவன். பிறக்கும்போதே நெஞ்சில் கோளாறு. பத்து வயது தாண்ட மாட்டான் என்றார்கள், தாண்டினான். இருபதைப் பார்க்க மாட்டான் என்றார்கள், அதையும் தாண்டி முன்மண்டை வழுக்கை விழுகிற அளவுக்கு வந்துவிட்டான். மாடி ஏற முடியாது, சுமை தூக்க முடியாது. ஜன்னலோரக் கட்டிலில் மூன்று தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்து, அக்கா கொண்டுவரும் துணிகளுக்குக் காஜா போடுவான், பட்டன் தைப்பான், மடிப்பு அடிப்பான். அவன் கை சுத்தம் அந்த வட்டாரத்திலேயே பேர் போனது. வாயும்தான். தன் நெஞ்சுக்கு ‘ஓட்டை வண்டி’ என்று பேர் வைத்திருந்தான். வண்டி இன்றைக்குக் கிளம்ப மாட்டேன்னுது அக்கா, தள்ளிவிடு என்பான்.

அந்த மாதம் வண்டி உண்மையிலேயே திணறிக்கொண்டிருந்தது. கால் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டியது, உட்கார்ந்தபடியே தூங்கினான். அவள் துணியை விரித்த அன்று காலையில் அவன் உதடு லேசாக நீலம் பாரித்திருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போனாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து பையை வைத்ததும் அவன் துண்டைக் கேட்டான். ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அவன் விடவில்லை, பைக்குள் கையை விட்டு அடுத்ததையும் உருவினான். இரண்டையும் போர்வை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். கழுத்து வளைவு இரண்டிலும் ஒரே பக்கம் பார்த்தது.

“அக்கா, இது ரெண்டும் இடது.”

“ஆமா. கை தப்பிடுச்சு.”

“உனக்கா?”

அவள் அடுப்பங்கரைக்குப் போகப் பார்த்தாள். அவன் அவள் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டான். சின்ன வயதில் பிடிப்பது மாதிரி.

“உக்காரு. டிசைன் படிக்க எடம் கெடச்சப்ப பஸ்ஸ விட்டுட்டேன்னு வந்து நின்ன. அந்தப் பெரிய கடைல கூப்பிட்டப்ப ஒரு நாள் கழிச்சுப் போன. உன்னக் கட்டிக்கறேன்னு வந்த மனுஷன்கிட்ட காபி ஆறிடுச்சுன்னு சண்ட போட்டு அனுப்பின. நான் உன்ன மறதிக்காரின்னு நெனச்சேன். அப்பறம் பயந்தாங்கொள்ளின்னு நெனச்சேன். இது ரெண்டும் இல்ல. தெரிஞ்சேதான் வெட்டியிருக்க. ஏன்?”

இத்தனை வருடம் நெஞ்சுக்குள் பூட்டி வைத்ததை, அதுவும் யாரிடம் சொல்லவே கூடாதோ அவனிடமே எப்படிச் சொல்வது? ஆனால் அவன் தலைப்பை விடவில்லை. கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

பள்ளிக்கூடத்தில் ஓவியப் போட்டியில் முதல் பரிசு வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்கு ஓடி வந்த நாள் அது. கையில் வண்ணப் பெட்டி. வீடு பூட்டிக் கிடந்தது. தம்பிக்கு மூச்சு நின்றுவிட்டது, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். பெட்டியோடு அங்கே ஓடினாள். வராந்தாவில் அம்மா பித்துப் பிடித்தவள் போல நின்றுகொண்டிருந்தாள். அவளையும் பெட்டியையும் பார்த்துச் சொன்னாள்: “நீ ஒண்ணு ஜெயிச்சா இவன் ஒண்ணு தோக்கறான். போதும்டி உனக்கு.”

அவ்வளவுதான். ஒரு வாக்கியம். பிள்ளை சாகக் கிடக்கும்போது ஒரு தாய் என்னென்னவோ பிதற்றுவாள். பெரியவர்களுக்கு அது தெரியும். பெட்டியோடு நின்ற அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? அது வாக்கியத்தை அப்படியே விழுங்கிவிட்டது. பிறகு படிக்க இடம் கிடைத்த வாரம் தம்பிக்கு நெஞ்சைக் கிழித்து ஆபரேஷன். சேர வேண்டிய நாள் காலையில் அவள் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து, வந்த பஸ்ஸைப் போகவிட்டாள். அன்று சாயங்காலம் தம்பி கண்ணைத் திறந்து பசிக்கிறது என்றான். ஆபரேஷன் செய்த டாக்டர் அதற்கு ஆயிரம் காரணம் சொல்லியிருப்பார். அவளுக்கு ஒரே காரணம் போதுமாக இருந்தது. அன்றிலிருந்து நல்லது எது கதவைத் தட்டினாலும் அவளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். ஒவ்வொரு தடவையும் தம்பி எழுந்து உட்கார்ந்தான். எழாமல் போன தடவைகளும் உண்டு, அவளுக்கு ஒரு நல்லதும் நடக்காதபோதே அவன் படுத்த தடவைகளும் உண்டு. அதையெல்லாம் அவள் கணக்கில் சேர்க்கவே இல்லை. நம்பிக்கை ஒன்று பிடித்துவிட்டால் மனசு இப்படித்தான் தனக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கிக்கொள்ளும்.

சொல்லி முடித்ததும் தம்பி சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் இழுப்பாகி, அவள் முதுகைத் தடவ வேண்டி வந்தது. மூச்சு திரும்பி வந்தபோது அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. அவ்வளவு கோபத்தை அந்த முகத்தில் அவள் பார்த்ததே இல்லை.

“ஒரு மூச்சு விடறது எனக்கு எவ்வளவு கஷ்டம்னு தெரியுமா உனக்கு? நானே இழுத்து நானே விடறேன். இத்தன வருஷம் நான் உயிரோட கெடந்தது என் கெட்டிக்காரத்தனம்க்கா. எனக்குன்னு இருக்கறதே அது ஒண்ணுதான். அதையும் போய் உன் பேர்ல எழுதிக்கிட்டியே.”

“அப்படியில்லடா.”

“வேற எப்படி? நீ வேணாம்னு விட்டதெல்லாம் எனக்காகன்னா, உன் வாழ்க்கைய நான்தான உக்காந்து தின்னிருக்கேன்? இத நான் எப்படித் தாங்குவேன், சொல்லு.”

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அம்மா சாப்பாட்டுத் தட்டோடு வந்து என்ன சண்டை என்று கேட்டாள். இரண்டு பேரும் ஒன்றுமில்லை என்றார்கள். அம்மா தட்டை வைத்துவிட்டுப் போனாள். சாப்பாடு அப்படியே ஆறிப்போனது. அன்று ராத்திரி கட்டிலுக்குப் பக்கத்தில் படுத்திருந்தும் அவளுக்கு அவன் தொலைதூரத்தில் இருப்பதாக இருந்தது. தியாகம் செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு இருந்தவளுக்கு, யாருக்காகச் செய்தோமோ அவனையே அவமானப்படுத்தியிருக்கிறோம் என்று தெரிந்தால் தூக்கம் எங்கிருந்து வரும்?

விடிந்ததும் அவன்தான் பேசினான். இன்னொரு கோட்டுக்குத் துணி இருக்கிறதா என்று கேட்டான். இருக்கிறது என்றாள்.

“போய்க் கேளு. நீயே வெட்டு. காஜா நான் போடறேன். அதுக்கப்பறம் நான் போனா அது என் நெஞ்சு பண்ணின வேல. உன் கத்தரி பண்ணினது இல்ல. புரியுதா?”

அவள் தலையாட்டினாள். புரிந்துதான் ஆட்டினாளா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

முதலாளியம்மாவிடம் போய் நின்றாள். வாழ்க்கையில் தனக்கென்று எதையும் கேட்டுப் பழக்கமில்லாத வாய். இன்னொரு தடவை வெட்டுகிறேன் என்று எப்படியோ சொல்லிவிட்டாள். போன தடவை போலவே ஆனால் என்ன செய்வது என்று முதலாளியம்மா கேட்டாள். நியாயமான கேள்விதான்.

“போன தடவ சரியா வரணும்னு நான் நெனக்கவே இல்ல மேடம். இந்தத் தடவ நெனக்கறேன்.”

முதலாளியம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். கெட்டிக்காரி; மேலே எதுவும் கேட்காமல் அலமாரியைத் திறந்து துணியை எடுத்துக் கொடுத்தாள்.

துணியை விரித்து முதல் துண்டை வெட்டும்வரை கை பேச்சுக் கேட்டது. அட்டையைப் புரட்ட வேண்டிய இடம் வந்ததும் விரல்கள் மரத்துவிட்டன. ஒரு அட்டைதான். காற்றடித்தால் பறக்கிற கனம். அதைத் திருப்பிப் போட்டால் வீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவன் தலை சாய்ந்துவிடும் என்று உள்ளே ஒரு குரல் அடித்துச் சொன்னது. அந்தக் குரல் பொய் என்று தெரிந்துவிட்ட பிறகும் அது வாயை மூடிக்கொள்ளவில்லை. முன்னைவிடக் கூவியது. தையல் யந்திரங்கள் ஓடுகிற சத்தத்தில் அவள் அழுகிறாளா என்று யாரும் கவனிக்கவில்லை. கடைசியில் குரல் ஓய்வதற்குக் காத்திருக்காமல், அது கத்திக்கொண்டிருக்கும்போதே அட்டையைப் புரட்டினாள். சாக்கட்டியால் வரைந்தாள். கத்தரியை ஓட்டினாள். பெரிய மாஸ்டர் வந்து துண்டுகளை மங்கிய கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, விரலால் கழுத்து வளைவைத் தடவி, ம் என்றார். அவர் வாயில் ம் வருவது அபூர்வம்.

தைத்து முடித்த கோட்டு காஜாவுக்காக வீட்டுக்கு வந்தது. தம்பி அதை மடியில் போட்டுக்கொண்டு ஒரு துளை போடுவான், கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கிடப்பான், மறுபடி ஊசியை எடுப்பான். அம்மா கத்தினாள், உடம்பைப் பார்க்காமல் அப்படி என்ன கோட்டு, எந்த ராஜா போடப்போகிறான் என்றாள். ஓட்டல் வாசலில் கதவு திறந்து விடுகிறவன்தான்மா ராஜா, உள்ளே போகிறவனெல்லாம் அவனைத் தாண்டித்தான் போக வேண்டும் என்றான் தம்பி. அவள் கண்ணெதிரே அவன் இளைத்துக்கொண்டே வந்தான். ஊசியை அவன் கையிலிருந்து பிடுங்கிவிட வேண்டும் என்று பல தடவை தோன்றியது. பிடுங்கவில்லை. அவனிடமிருந்து இனி எதையும் எடுப்பதில்லை என்று மட்டும் தீர்மானமாக இருந்தாள். எல்லாக் காஜாவையும் முடித்து, பட்டனையும் அவனே தைத்து, கோட்டைத் தூக்கிப் பிடித்து ஒரு தடவை பார்த்துவிட்டு, நல்லா இருக்கு என்றான்.

கோட்டு போன மறுநாளே அவனை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. நுரையீரலில் தண்ணீர் கட்டியிருந்தது. இதயம் பெருத்துவிட்டது, இனிமேல் நாங்கள் செய்யக்கூடியது அதிகமில்லை என்று டாக்டர் அம்மாவிடமும் அவளிடமும் மெதுவான குரலில் சொன்னார். இதையே அவர் போன வருடமும் சொல்லியிருந்தார். அப்போது கோட்டும் இல்லை, ஓட்டலும் இல்லை. அவளுக்கு அதெல்லாம் நினைவுக்கு வரவில்லை.

வராந்தாவில் நின்றுகொண்டிருந்தபோது முதலாளியம்மா போனில் கூப்பிட்டாள். ஓட்டல்காரர்களுக்குக் கோட்டு ரொம்பப் பிடித்துவிட்டது, மொத்த வேலையும் நமக்குத்தான், மாஸ்டர் மேசைக்கு நீ எப்போது வருகிறாய் என்று கேட்டாள். அவள் அப்புறம் பேசுகிறேன் என்று போனை அணைத்தாள். இப்போதே திரும்பக் கூப்பிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? இன்னும் நேரம் இருக்கிறது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்பான். முன்னே எத்தனை தடவை அப்படி ஆகியிருக்கிறது.

அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மாவின் காலடியில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

“அம்மா, வேல கெடச்சிடுச்சு. நான் வேணாம்னு சொல்லிடறேன். நீ அன்னைக்குச் சொன்னதுதான் சரி. நான் ஜெயிச்சா இவன் தோத்துடறான்.”

அம்மா என்னடி உளறுகிறாய் என்று கேட்டாள். அவள் வண்ணப் பெட்டியைச் சொன்னாள், வராந்தாவைச் சொன்னாள், அந்த வாக்கியத்தை எழுத்து பிசகாமல் சொன்னாள். அம்மா நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். முகத்தில் ஒன்றும் தட்டுப்படவில்லை.

“நானா சொன்னேன்?”

“நீதான்மா.”

“எனக்கு நெனப்பே இல்லயேடி.” அம்மாவின் குரல் இறங்கியது. “பையன் பொழைக்க மாட்டான்னு சொல்லிட்டு டாக்டர் அப்பத்தான் உள்ள போனார். அந்த நேரத்துல எதிர்ல யார் வந்திருந்தாலும் எதையாவது சொல்லியிருப்பேன். நீ வந்துட்ட.”

நீ வந்துட்ட. அவ்வளவுதானாம். நர்ஸ் வந்திருந்தால் நர்ஸுக்குக் கிடைத்திருக்கும், தரை துடைக்கிறவள் வந்திருந்தால் அவளுக்கு. சொன்னவள் சொன்ன மறுநிமிடம் மறந்துவிட்ட ஒன்றை வைத்துக்கொண்டு இவள் படிப்பை விட்டாள், வேலையை விட்டாள், தன்னைத் தேடி வந்த நல்ல மனுஷனை விட்டாள். யார் மேல் கோபப்படுவது? அம்மாவின் கை அவள் தலை மேல் வந்து விழுந்தது. இத்தன வருஷம் இதையா சுமந்த, இதையா சுமந்த என்று அம்மா திரும்பத் திரும்பக் கேட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் எழுந்து உள்ளே போனாள். தம்பி மூக்கில் குழாயோடு சாய்ந்து கிடந்தான். கண் மட்டும் எப்போதும்போல விழித்துக்கொண்டிருந்தது. கோட்டு என்ன ஆச்சு என்று கேட்டான். இல்லடா, பிடிக்கவில்லை என்று ஒரு பொய் சொல்லிவிடலாம். பொய்யாவது அவனைப் பிடித்து வைக்காதா என்ற ஆசை கடைசியாக ஒரு தடவை தொண்டை வரை வந்தது.

“புடிச்சிருச்சாம்டா. உன் காஜாவத்தான் திருப்பித் திருப்பிப் பாத்தாங்களாம். நான் மாஸ்டராகப் போறேன்.”

காஜாவைப் பற்றி முதலாளியம்மா எதுவும் சொல்லவில்லை. அது அவளாகச் சேர்த்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சம் சிரித்தான். சம்பளத்தைக் கூட்டிக் கேளுக்கா, வெட்கப்படாத என்றான். பிறகு அவள் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனான்.

அந்த வாரக் கடைசியில் அவன் போய்விட்டான். மத்தியான நேரம். அம்மா ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமும் இருந்தார்கள்.

அவள் அழவில்லை. வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள், நாற்காலி போட்டாள், மருந்து டப்பாக்களை மூட்டை கட்டினாள். கல் நெஞ்சு என்று யாரோ முணுமுணுத்ததும் காதில் விழுந்தது. கல்லெல்லாம் இல்லை. அவளுக்குள் அந்தக் குரல் மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டு, பார்த்தாயா, பார்த்தாயா என்று கேட்டபடி இருந்தது. கொலை செய்தவள் எந்த முகத்தோடு அழுவாள்? தம்பி சொன்னது தெரியும், அம்மா சொன்னது தெரியும். தெரிந்து என்ன? மேசை கிடைத்தது, அவன் போனான். இரண்டும் ஒரே வாரத்தில். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று குரல் கேட்டது. வேலைக்கு வர மாட்டேன் என்று முதலாளியம்மாவிடம் சொல்லிவிட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டாள். இனி யாரைக் காப்பாற்ற அதைச் செய்கிறோம் என்றுகூட அவளுக்கு ஓடவில்லை.

வந்த கூட்டம் குறைந்த பிறகு அத்தை மட்டும் மிச்சமிருந்தாள், எப்போதோ போய்ச் சேர்ந்த அப்பாவின் கூடப் பிறந்தவள். கெட்ட மனசு கிடையாது, வாய்தான் சும்மா இருக்காது. இவளுக்கு வேலை உயர்ந்த சேதி எப்படியோ அவள் காதுக்கு எட்டியிருந்தது. பெருமூச்சு விட்டுக்கொண்டு அம்மாவிடம் சொன்னாள்.

“பாவம் அண்ணி. ஒரு பக்கம் குடுத்து ஒரு பக்கம் எடுத்துக்கிட்டான் பாருங்க அந்தக் கடவுள். இவளுக்கு நல்லது நடக்கற நேரத்துலதானா அவன் போகணும்.”

அவள் கையிலிருந்த டம்ளரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். குரல் உள்ளேயிருந்து வெளியே வந்து, மனுஷ உருவம் எடுத்து, நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டது. இனி ஊரே இதைத்தான் சொல்லும்.

அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது கண் இடுங்கிப் போயிருந்தது. பிள்ளை போனதிலிருந்து யாரிடமும் பேசாதவள், தலையை நிமிர்த்தினாள்.

“அப்படிச் சொல்லாத. அவன் நெஞ்சு பழுதாப் பொறந்தது, அதனால போனான். இவ நல்லா வெட்டறா, அதனால வேல குடுத்தாங்க. அது வேற, இது வேற. என் பொண்ணு முன்னாடி இன்னொரு தடவ இப்படிப் பேசாத.”

கொஞ்ச நேரத்தில் அத்தை செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். அம்மா கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்துகொண்டாள். அந்த நான்கு வரி சொன்னதிலேயே அவளுக்கு மூச்சு வாங்கியது.

அவள் டம்ளரை வைத்துவிட்டு உள்ளறைக்குப் போனாள். கட்டிலில் போர்வை மடித்து வைத்திருந்தது. அது வேற, இது வேற. அம்மா சொன்னதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். உண்மைதான். அவள் என்ன செய்திருந்தாலும் இன்றைக்கு இந்தக் கட்டில் இப்படித்தான் இருந்திருக்கும். பஸ்ஸில் ஏறியிருந்தாலும் அவன் அன்று கண் திறந்திருப்பான். நூறு கோட்டை நாசமாக்கியிருந்தாலும் இந்த வாரம் போயிருப்பான். இத்தனை வருடம் அவனைத் தன் கைக்குள் பொத்தி வைத்திருப்பதாக நினைத்தாளே, அவள் கைக்குள் எதுவுமே இருந்ததில்லை. பழியைச் சுமந்தவரை, அவனைப் பிடித்து வைக்க ஒரு வழி இருந்தது, நான்தான் விட்டுவிட்டேன் என்றாவது சொல்லிக்கொள்ள முடிந்தது. அந்த வழியும் பொய்யாகிவிட்டது. மிச்சமிருந்தது ஒன்றுதான்: தம்பி இல்லை. இனி இந்த ஜன்னலோரம் யாரும் அவளுக்காகக் காத்திருந்து பைக்குள் கையை விட மாட்டார்கள்.

அவள் கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். முகத்தை மூடிக்கொள்ளவில்லை, சத்தத்தை அடக்கவில்லை. தன்னைத் திட்டிக்கொள்ளாமல், யாரிடமும் எதையும் பேரம் பேசாமல், அவனுக்காக மட்டும் அவள் அழுதது அதுதான் முதல் தடவை.